புதுப்பிப்பு: ஊமைப் பியானோ வைத்த அந்த பிபிசி வினாடி வினா, முகப்பு இசை கிடைத்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது இது: ஒருவர் சத்தமே வராத பியானோவில் வாசிப்பார், விரல் அசைவை மட்டும் பார்த்து என்ன இசை என்று குழுவினர் சொல்ல வேண்டும். அந்தப் பழைய நிகழ்ச்சி எது, அதன் முகப்பு இசை எது?

நிகழ்ச்சி 'ஃபேஸ் தி மியூசிக்'. 1967இல் பிபிசி 2இல் தொடங்கியது, நடத்தியவர் ஜோசப் கூப்பர். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முகப்பு இசைக்குத்தான் ஆளுக்கொரு பதில். 'ஆங்கிலேய இசையமைப்பாளர் வில்லியம் வால்டனின் ஃபசாட் என்ற இசைப்படைப்பைக் கேட்டுப் பாருங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. அதில் வரும் 'பாப்புலர் சாங்', சில நொடிகளிலேயே தெரிந்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. தேடினால் யாரோ கவிதையை மடமடவென ஒப்பிக்கும் பதிவும் வருகிறது. ஃபசாட் முதலில் ஈடித் சிட்வெல்லின் கவிதைகளுக்காக எழுதப்பட்டதாம். பேச்சில்லாமல் இசை மட்டும் வேண்டுமென்றால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கான இரண்டாம் தொகுப்பைத் தேடுங்கள்.

அப்புறம், தெரிந்த மெட்டை வேறொரு இசையமைப்பாளரின் பாணியில் கூப்பர் வாசிப்பாரே, அந்தச் சுற்றின் பெயர் 'ஹிடன் மெலடி'. மெட்டு, பாணி இரண்டையும் சொல்ல வேண்டும். ஊமைப் பியானோவைவிட அதுதான் கஷ்டம் என்பேன்.