ஃபிகர் கஸ்டம் பண்ண எங்கேர்ந்து கத்துக்கறது? பெயிண்ட் காயவே மாட்டேங்குது, முழங்கைல உரியுது

புதுத்தூரிகை

எல்லாருக்கும் வணக்கம். பல வருஷமா ஆக்‌ஷன் ஃபிகர் சேர்க்கறேன், ஆனா எனக்குப் பிடிச்ச மாதிரி நானே ஒண்ணை மாத்திப் பாக்கணும்னு இப்பதான் இறங்கிருக்கேன். 6 இன்ச் ஃபிகர் ஒண்ணை எடுத்து மொத்தமா கருப்பு ஸ்ப்ரே கேன் அடிச்சேன், ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, விரல் ரேகை அப்படியே பதியுது. சரின்னு இன்னொண்ணுக்கு பிரஷ்ல அக்ரிலிக் அடிச்சேன், அது நல்லா காஞ்சுது ஆனா கையை ரெண்டு தடவை மடக்கினதும் முழங்கைல பெயிண்ட் சுரண்டிக்கிட்டு உள்ள இருக்கற பழைய கலர் தெரியுது. இதுக்கு நடுவுல வேற ஃபிகரோட தலையை இதுல மாட்டணும்னு ஆசை, இழுத்துப் பாத்தேன் வரல, உடைஞ்சிடுமோன்னு விட்டுட்டேன். வீடியோ நிறைய பாக்கறேன், ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. எதை முதல்ல கத்துக்கணும், எந்த வரிசைல போகணும்னு அனுபவம் இருக்கறவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

மூட்டுவைத்தியர்

நீங்க சொன்ன மூணுமே ஒரே விஷயத்துல போய் முடியுது நண்பா, உங்க கைல இருக்கற பொம்மை என்ன பிளாஸ்டிக், அது எங்கெங்க உரசுது, இது ரெண்டும்தான். சிலைக்குப் பெயிண்ட் அடிக்கறதும் இதுக்கு அடிக்கறதும் வேற வேற, ஏன்னா சிலை அசையாது, இது அசையும்.

முதல்ல பிசுபிசுப்பு. தலை, முடி, கேப் மாதிரி வளையற பாகம் எல்லாம் பெரும்பாலும் பிவிசிங்கற பிளாஸ்டிக். அது மெத்துனு இருக்கணும்னு அதுல பிளாஸ்டிசைசர்னு ஒண்ணு கலந்திருப்பாங்க. ஸ்ப்ரே கேன், எனாமல் இதுல இருக்கற சால்வென்ட் அதோட சேர்ந்துக்கும், அதனால பெயிண்ட் இறுகாமலே நிக்கும், நீங்க இன்னும் ஆறு மாசம் வெயிட் பண்ணாலும் அப்படியேதான் இருக்கும். அது மேல இன்னொரு கோட் அடிச்சு மூடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அதுவும் ஒட்டும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல பட்ஸ் நனைச்சு கொஞ்சம் கொஞ்சமா துடைச்சு எடுத்துப் பாருங்க, பொறுமை வேணும், சில எனாமல் அதுக்கும் அசையாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அதுல இருக்கற அசிட்டோன் ஏபிஎஸ்ங்கற கெட்டி பிளாஸ்டிக்கைக் கரைச்சிடும், முகத்துல இருக்கற நுணுக்கம் எல்லாம் மழுங்கிடும். இனிமே தண்ணில கலக்கற அக்ரிலிக் மட்டும் வச்சுக்கோங்க.

அடுத்தது முழங்கை. பெயிண்ட்டுக்கும் ஒரு கனம் இருக்கு. தொழிற்சாலைல அந்த ஜாயிண்ட்டை ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா உக்கார்ற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க, நாம மேல பூசற பெயிண்ட்டுக்கு அங்க இடமே இல்ல, அதான் மடக்கின உடனே வழிச்சு எடுத்துடுது. அப்போ இடம் நாமதான் உண்டாக்கணும். கையைக் கழட்டி, உரசற ரெண்டு பக்கத்தையும் 400 நம்பர் உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு அப்புறம் 600ல வழவழப்பாக்குங்க, தண்ணி தொட்டுத் தேய்ச்சா தூசி பறக்காது. மாட்டி ஆட்டிப் பாருங்க, ரொம்ப லூசாகக் கூடாது, பிளாஸ்டிக் மேல பிளாஸ்டிக் உரசற சத்தம் நிக்கற அளவு போதும். வெளிய தெரியாத உள்பக்கத்துக்குப் பெயிண்ட்டே அடிக்காதீங்க. இன்னொரு வழி என்னன்னா, நீங்க அடிக்கப்போற கலர்லயே ஏற்கெனவே வார்த்த கை கால் இருக்கற வேற ஃபிகரைத் தேடி எடுத்துக்கறது. கருப்பு உடம்பு வேணும்னா கருப்பு பிளாஸ்டிக்ல இருந்தே ஆரம்பிங்க, சுரண்டினாலும் உள்ளயும் கருப்புதான். என் கணக்குல பாதி கஸ்டம் வேலை சரியான பேஸ் ஃபிகரைத் தேர்ந்தெடுக்கறதுலயே முடிஞ்சிடுது.

வெந்நீர்

தலைக்கு நான் சொல்றேன். இழுக்காதீங்க!! கழுத்துல தலையை மாட்டற பெக், அதாவது அந்த முளை, உடைஞ்சா ஃபிகரே போச்சு. தண்ணியைக் கொதிக்க விட்டு அடுப்பை அணைச்சுட்டு, தலை மட்டும் முழுகற மாதிரி ஃபிகரைத் தலைகீழா அரை நிமிஷம் ஒரு நிமிஷம் பிடிங்க, பிவிசி மெத்துனு ஆயிடும், துணியால பிடிச்சு லேசா ஆட்டி ஆட்டி எடுத்தா வந்துடும். திரும்ப மாட்டும்போதும் தலையைத்தான் சூடு பண்ணணும், பெக்கை இல்ல, பெக் மெத்துனு ஆனா வளைஞ்சிடும். கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற பிளாஸ்டிக் பாகத்தை வெந்நீர்ல போடாதீங்க, அது எனக்கு ஒரு தடவை விரிசல் விட்டிருக்கு. வளைஞ்ச வாளை நேராக்கறதும் இதே முறைதான், சூடு பண்ணி நேரா பிடிச்சு உடனே பச்சைத் தண்ணில முக்கினா அப்படியே நிக்கும்.

வேற ஃபிகர் தலைன்னு சொன்னீங்களே, ஸ்கேல் பாத்துக்கோங்க. 6 இன்ச்னா பொதுவா 1:12, அதாவது நிஜ அளவுல பன்னிரண்டுல ஒரு பங்கு, மூணே முக்கால் இன்ச்னா 1:18. ஆனா ஒரே ஸ்கேல்னு போட்டிருந்தாலும் ஒரு கம்பெனி தலை பெருசா இருக்கும், இன்னொண்ணு சின்னதா இருக்கும், மாட்டறதுக்கு முன்னாடி பக்கத்துல வச்சு கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க.

பழையபெட்டி

கழட்டி மாட்டப் பழகணும்னா ஒரு யோசனை. 1982ல வந்த மூணே முக்கால் இன்ச் ஜி.ஐ. ஜோ (சிப்பாய் பொம்மை) வகை ஃபிகர் உடைஞ்ச நிலைல எங்கயாவது கிடைச்சா எடுத்துக்கோங்க. முதுகுல ஒரே ஒரு ஸ்க்ரூ, அதைக் கழட்டினா மார்பு ரெண்டா பிரியும், கை தலை எல்லாம் தனியா வந்துடும், இடுப்பையும் காலையும் சேர்த்துப் பிடிக்கறது உள்ள இருக்கற ஒரு ரப்பர் வளையம்தான். ஒருத்தர் கை, இன்னொருத்தர் கால்னு மாத்தி மாத்திப் போட்டு கிட்பாஷ் பண்ணிப் பழக அதைவிட நல்ல பொம்மை இல்ல. நான் அதுலதான் கத்துக்கிட்டேன், இன்னைக்கும் ஒரு ஜாயிண்ட் எப்படி வேலை செய்யுதுன்னு மனசுல ஓட்டிப் பாக்க அது உதவுது.

கண்ணெழுதி

மேல சொன்னவங்க எல்லாம் சரியா சொல்லிட்டாங்க, நான் பெயிண்ட் பக்கம் மட்டும். அடிக்கறதுக்கு முன்னாடி ஃபிகரை பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணில பழைய டூத் பிரஷ் வச்சுக் கழுவுங்க, அச்சுலேர்ந்து எடுக்கப் பூசற எண்ணெய்ப்பசை, நம்ம கை எண்ணெய் எல்லாம் மேல இருக்கும், பெயிண்ட் பிடிக்காததுக்கு அதுவும் ஒரு காரணம். பெயிண்ட்டைப் பால் பதத்துக்குத் தண்ணி விட்டு மெல்லிசா அடிங்க, முதல் கோட் பாத்தா திட்டுத்திட்டா கேவலமா இருக்கும், பயப்படாம முழுசா காயவிட்டு அடுத்தது, மூணு நாலு கோட்ல தானா சமமாயிடும். ஒரே கோட்ல மூடணும்னு கெட்டியா அடிச்சீங்கன்னா முகத்துல இருக்கற கோடு எல்லாம் அடைஞ்சு போயிடும். எல்லாம் முடிஞ்சப்புறம் மேட் வார்னிஷ், அதுவும் தண்ணில கலக்கறதா பிரஷ்ல அடிக்கறதா இருக்கட்டும், இல்லன்னா திரும்ப அந்த பிசுபிசுப்பு வந்துடும்.

கண்ணுதான் இந்த வேலைலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். பளிச் வெள்ளை வைக்காதீங்க, முறைக்கற மாதிரி ஆயிடும், வெள்ளைல ஒரு துளி தோல் கலர் கலந்துக்கோங்க. முதல்ல அந்த வெள்ளை, அப்புறம் மேல் இமைக்கு கரும்பழுப்புல மெல்லிசா ஒரு கோடு, கருப்பு வேண்டாம். கருவிழி அந்தக் கோட்டை ஒட்டி ஆரம்பிக்கணும், மேல்பக்கம் கொஞ்சம் இமைக்குள்ள மறைஞ்சிருக்கணும், முழு வட்டமா வெள்ளைக்கு நடுவுல மிதந்தா பேய் அறைஞ்ச மாதிரி தெரியும். நேரா பாக்க வைக்கறது கஷ்டம், ரெண்டு கண்ணும் ஒரே பக்கமா லேசா திரும்பிப் பாக்கற மாதிரி வச்சா சின்னப் பிசகு தெரியாது. கோடு தடிச்சுப் போச்சுன்னா அழிக்காதீங்க, தோல் கலரை எடுத்து சுத்தி வெட்டி வெட்டி உள்ள கொண்டு வாங்க. நான் ஃபிகரைத் தலைகீழா திருப்பி வச்சும் ஒரு தடவை பாப்பேன், ஒரு கண்ணு ஏறி இருந்தா அப்பதான் பளிச்னு தெரியும். ரெண்டு முழங்கையையும் மேஜைல ஊனி, ரெண்டு மணிக்கட்டையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வச்சுக்கிட்டா கை நடுங்காது.

புதுத்தூரிகை

இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு எல்லாருக்கும் நன்றி. வெந்நீர் சொன்ன மாதிரி பண்ணேன், தலை அழகா வந்துடுச்சு, சந்தோஷம் தாங்கல! ஆனா புதுத் தலையோட ஓட்டை பெருசு, கழுத்து பெக் சின்னது, மாட்டினா லொடலொடன்னு ஆடுது, கீழ விழுந்துடுது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிடலாமா?

மூட்டுவைத்தியர்

ஒட்டினா தலை திரும்பாது, அப்புறம் அது சிலைதான். எபாக்ஸி புட்டி வாங்குங்க, ரெண்டு பாகமா வரும், சம அளவு எடுத்து ஒரே கலர் ஆகற வரைக்கும் பிசையணும். க்ளவுஸ் போட்டுக்கோங்க, வெறும் கைல வேண்டாம். தலை ஓட்டைக்குள்ள உப்புத்தாள் விட்டு சொரசொரப்பாக்கிட்டு புட்டியை அடைங்க, கழுத்து பெக் மேல வாசலின் மெல்லிசா தடவுங்க, தலையை நீங்க நினைக்கற உயரத்துல, நினைக்கற கோணத்துல அழுத்தி வையுங்க. பிதுங்கி வர்றதை ஈர விரலால வழிச்சுடுங்க. பாதி இறுகினதும் ஒரு தடவை மெதுவா திருப்பி, கழட்டி எடுத்து, தலையைத் தனியா காயவிடுங்க. மில்லிபுட் பிராண்ட் புட்டின்னா மூணு நாலு மணி நேரத்துல இறுகிடும், அபாக்ஸி ஸ்கல்ப்ட் பிராண்ட்னா ஒரு முழு நாள் தொடாதீங்க. பெக்கோட அச்சு அப்படியே உள்ள பதிஞ்சிருக்கும், கச்சிதமா உக்காரும், தலையும் திரும்பும். காஞ்சப்புறம் புட்டியைத் தேய்க்கணும்னா மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்ல. பெயிண்ட்டுக்கு முன்னாடி வாசலினை சோப்பு போட்டு நல்லா கழுவிடுங்க, மிச்சம் இருந்தா கழுத்துல பெயிண்ட் நிக்காது. மாட்டினப்புறம் ஒரு போட்டோ போடுங்க, பாப்போம்.