ஃப்ரீயாகக் கொடுத்த பஸ், அப்புறம் யாருடையது?

மலைப்பாதை:
பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற பஸ் ஓட்டும் போன் கேமை ஆடுகிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஆள் ஒருவர், பாலிடெக்னிக் மாணவர், கொடைக்கானல் ரூட் அரசு பஸ்ஸை அந்த கேமுக்கு மாடாக (mod, கேமில் சேர்த்துக்கொள்ள வெளியாட்கள் செய்யும் கூடுதல் ஃபைல்) செய்து ஃப்ரீயாகப் போட்டார். நாலு மாத வேலை. போன வாரம் ஒரு யூடியூப் சேனல் அந்த ஃபைலை எடுத்து, முன் கண்ணாடியில் இருந்த அவர் பெயரை அழித்து, தன் பெயரை ஒட்டி, விளம்பரம் வரும் ஷார்ட் லிங்க் போட்டு ஏற்றிவிட்டது. கேட்டால், "ஃப்ரீயா குடுத்ததுதானே ப்ரோ" என்று பதில். அவர் சண்டை போடவில்லை. இதுவரை செய்த 11 மாடுகளையும் நெட்டிலிருந்து தூக்கிவிட்டார். (பன்மையில் எழுதினால் தொழுவம் மாதிரி ஆகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) அவர் செய்தது சரி என்பது என் கட்சி.

கடைசிசீட்:
பெயரை அழித்தது அசிங்கம், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் "அவருடைய பஸ்" என்கிறீர்களே, எப்படி? கேம் 2017இல் இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் வெளியிட்டது. பஸ்ஸின் வடிவமும் லோகோவும் போக்குவரத்துக் கழகத்துடையவை. ஹார்ன் ஏதோ ஒரு தனியார் வண்டியில் பதிவு செய்தது. இவர்களில் யாரிடம் அவர் அனுமதி கேட்டார்? அப்புறம், ஒரு சேனல் செய்த தப்புக்கு ஒழுங்காக இறக்கி ஆடிய எங்களுக்கு எதற்குத் தண்டனை?

மெஷ்மாமா:
3டி உருவம் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் நாலைந்து வண்டியை ஆரம்பித்துப் பாதியில் விட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன். பஸ்ஸுக்கு முகம் செய்வது லேசு, பக்கவாட்டு ஜன்னல்தான் ஆளைக் கொல்லும். ஷட்டர், கம்பி, ரப்பர் எல்லாவற்றையும் நிஜமாகவே செய்தால் பாலிகன், அதாவது உருவத்தைக் கட்டும் சின்னச் சின்ன முக்கோணங்களின் எண்ணிக்கை, எகிறிவிடும், 3 ஜிபி ராம் போனில் கேம் தானாக மூடிக்கொள்ளும். எந்தக் கம்பியை உருவமாகச் செய்வது, எதை வெறும் படமாக ஒட்டிக் கண்ணை ஏமாற்றுவது என்று ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டும். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் ஒரு துண்டு தொங்குவதைக்கூட இவர் செய்திருந்தார். அதற்கு ஆறே முக்கோணங்கள். எண்ணிப் பார்த்தேன்.

தஞ்சைப் பெரிய கோயிலை வரைந்தவரிடம் போய், கோயில் ராஜராஜன் கட்டியது என்று சொல்லிப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வர முடியுமா? லோகோ விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கடைசிசீட்:
படம் உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் ஓவியர் கோபித்துக்கொண்டால் ஊரில் மாட்டியிருக்கும் பிரதிகள் எல்லாம் மறைந்துவிடுவதில்லை. கேரளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 வடக்கஞ்சேரி விபத்துக்குப் பிறகு சுற்றுலா பஸ்கள் வெள்ளைக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த யானையும் புலியும் பூதமும் வரைந்த பழைய பெயின்டைப் பலர் இன்றைக்கு கேமில்தான் பார்க்கிறார்கள். செய்தவர் ஒருநாள் கடுப்பில் அழித்தால் அதுவும் போச்சு. பல கேம்களின் மாடுகளைப் பகிரும் நெக்ஸஸ் மாட்ஸ் தளம் 2021இல் இதற்காகத்தானே, ஏற்றிய ஃபைலை முழுசாக அழிக்க விடமாட்டோம், காப்பகத்தில் வைப்போம் என்று விதியை மாற்றியது?

ரூட்பஸ்:
அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மாடுகளைத் தொகுப்பாகக் கொடுக்கும் வசதியைக் கொண்டுவரத்தான் நெக்ஸஸ் அந்த விதியைப் போட்டது. அப்போதும், உடன்பாடு இல்லாதவர்கள் தங்கள் ஃபைல்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சுமார் ஒரு மாதம் தவணை கொடுத்தது. நிறையப் பேர் எடுத்துக்கொண்டும் போனார்கள். இந்தச் சேனல் நம் ஆளிடம் ஒரு மெசேஜ்கூடப் போடவில்லை.

காசு விஷயமும் இருக்கிறது. 2015 ஏப்ரலில், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில், பெதஸ்டா வெளியிட்ட ஸ்கைரிம் கேமின் மாடுகளுக்கு விலை வைத்தார்கள். செய்தவருக்கு 25 சதவீதம், மீதி வால்வுக்கும் பெதஸ்டாவுக்கும். ஆடுகிறவர்கள் கொதித்ததில் நாலே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். 25 சதவீதத்துக்கே அத்தனை கூச்சல். இங்கே ஷார்ட் லிங்க்காரர் முழுசையும் வைத்துக்கொள்கிறார், செய்தவருக்குப் பூஜ்யம்.

கடைசிசீட்:
ஷார்ட் லிங்க்கை நான் எங்கே ஆதரித்தேன்? என் புகார் வேறு. இந்த மரியாதை என்ற சொல் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். "பிரேக் லைட் எரியவில்லை" என்று குரூப்பில் எழுதினேன். அரை மணி நேரத்தில் பதிவு காணாமல் போனது, "ஃப்ரீயா கிடைக்குதுன்னு குறை சொல்லாதே" என்று அட்மின் அறிவுரை வேறு. இலவசக் கச்சேரியிலும் சுதி விலகினால் விலகியதுதானே?

மலைப்பாதை:
உங்கள் பதிவை நீக்கியது தப்பு. ஆனால் அதற்கு மேலே இருந்த கமெண்ட்களையும் நீங்கள் படித்திருப்பீர்கள். கேம் அப்டேட்டில் மாட் திறக்காமல் போன அன்று, அவருக்கு செமஸ்டர் நடந்துகொண்டிருந்தது. "வேஸ்ட் மாட்", "எப்போ சரி பண்ணுவ", "ஏசி பஸ் போடு" என்று ஒருமையில் நாற்பது ஐம்பது வரி. லைட் எரியவில்லை என்று சொல்வதற்கும் வேலைக்காரனை விரட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது அண்ணே. அந்தக் கூட்டத்தில் உங்கள் ஒரு வரியையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள்.

கடைசிசீட்:
சரி, இருக்கலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த கொடைக்கானல் பஸ், அவர் போட்ட ஒரிஜினல், என் போனில் இன்னும் இருக்கிறது. நேற்றிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர் பெயரோடு அப்படியே அனுப்பினால் அது திருட்டு என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. ஆனாலும் அனுப்பக் கை வரவில்லை.

மெஷ்மாமா:
அவரிடமே கேட்டுவிடுங்கள். பிரேக் லைட்டையும் அப்போதே சொல்லிவிடலாம்.

கடைசிசீட்:
கேட்டுவிட்டேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை. தேர்வு முடியட்டும்.