நாய்க்குத் தொற்று இருமல் வந்தவர்கள் சொல்லுங்கள்

கறுப்பி வீட்டார்:
வெளியூர் போகவேண்டி வந்ததால் காப்பகத்தில் விட்டோம். கூட்டிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்த இருமல் ஆரம்பித்துவிட்டது. முன்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, எலும்பு சிக்கினாற்போல் செருமிச் செருமிக் கடைசியில் வெள்ளை நுரை. கக்கின கையோடு வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் கையை நக்கியது. அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பக்கத்துக் கூண்டு நாய் முதலிலிருந்தே இருமிக்கொண்டு இருந்ததாம். கேட்டால், "எல்லா நாயும்தான் இருமும்" என்கிறார்கள்.

இரண்டு பொமரேனியன்:
தடுப்பு மருந்து போட்டிருந்தால் வந்திருக்காதே? எங்கள் இரண்டுக்கும் வருஷம் தவறாமல் மூக்கில் விடுகிறோம், இதுவரை ஒன்றும் இல்லை.

பக் பிரியன்:
அப்படிச் சொல்லாதீர்கள். இது ஒரே கிருமியால் வருவதில்லை. போர்டெடெல்லா, பாராஇன்ஃப்ளுயன்சா, அடினோவைரஸ் என்று பல உண்டு. மருந்து போட்ட நாய்க்கும் வரும், கடுமை குறையும், அவ்வளவுதான். எங்கள் பக் நாயும் போட்டிருந்தும் இருமியது.

அப்புறம், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள். பட்டை இழுபட்டாலே இருமல் கிளம்பும். நம் வீட்டு இருமல் சிரப்பை மட்டும் கொடுக்கவே வேண்டாம். பாரசிட்டமாலோ, சைலிட்டால் என்கிற இனிப்பூட்டியோ கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் போகுமுன் போனில் சொல்லிவிட்டு, கூப்பிடும் வரை வெளியிலேயே இருங்கள். உள்ளே குட்டிகள் இருக்கும். இருமல் நின்ற பிறகும் வாரக்கணக்கில் கிருமி வெளியேறும், அதனால் மற்ற நாய்களோடு விடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணமும் தனி. மற்றபடி பயப்படாதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

குட்டியம்மா:
தயவுசெய்து "தானாகச் சரியாகிவிடும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். தத்தெடுத்த குட்டி. முதலில் இருமல், பிறகு கண்ணில் பீளை, மூக்கில் மஞ்சள் சளி. கொஞ்ச நாளில், வாயில் ஒன்றுமே இல்லாமல் தாடை மட்டும் வெடவெடவென்று மென்றுகொண்டே இருந்தது. டிஸ்டெம்பர், நாய்களின் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய். பிழைக்கவில்லை. வளர்ந்த, நன்றாக விளையாடுகிற நாய்க்குப் பெரும்பாலும் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் குட்டிக்கும் கிழநாய்க்கும் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

கறுப்பி வீட்டார், சாப்பிடுகிறதா? சளி தண்ணீராக வருகிறதா, கெட்டியாகவா? தூங்கும்போது வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கினால் காலை வரை காத்திருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.