எழுத்தாளர்கள் தங்கள் நாவல் பிறந்த கதையைச் சொல்லும் உரைகள் கிடைக்குமா?

நண்பர்களே, ஒரு உதவி. எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்து சோ. தர்மனின் 'சூல்' பற்றிப் பேசப்போகிறோம், 2019 சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். உருளைக்குடிக் கண்மாயை வைத்தே ஒரு ஊரின் வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிடுகிறார், தூர்வாருவது, மடையைத் திறப்பது என்று ஒவ்வொன்றையும் கரையில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான், இந்தக் கண்மாய் எப்படி நாவலாக மாறியது என்று அவரே பேசிய உரையோ நேர்காணலோ யாரிடமாவது இருந்தால் சுட்டி கொடுங்கள். விழா உரைகளில் பெரும்பாலும் பாராட்டுதான் மிஞ்சுகிறது, எழுதத் தூண்டியது எது என்று விரிவாகப் பேசியதுதான் வேண்டும். அப்புறம், பழைய இதழ்களில் வந்த பேட்டியின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.