ஆடிட் இன்டர்ன்ஷிப்: வேறு வேலை எப்படிக் கேட்பது?

அண்ணன், அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். கணக்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், மே மாதத்திலிருந்து சிங்கப்பூர் ராபிள்ஸ் பிளேஸில் ஓர் ஆடிட் நிறுவனத்தில் இன்டர்ன். ஏழு வாரமாகச் செய்வதெல்லாம் வவுச்சிங்தான், அதாவது கணக்கில் இருக்கும் தொகையும் இன்வாய்ஸில் இருப்பதும் ஒன்றா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எக்செலில் டிக் போடுவது. ஒரே ஒரு நாள் துவாஸில் ஒரு கிடங்குக்குச் சரக்கு எண்ண அனுப்பினார்கள், தூசியில் தும்மிக்கொண்டே பெட்டிகளை எண்ணினேன், உண்மையைச் சொன்னால் அதுதான் பிடித்தது! டிசம்பர் 31-இல் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் நிறைய என்பதால் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் வேலை சூடு பிடிக்குமாம். சரி, இப்போது என்ன செய்ய? சீனியரிடம் நேராகக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? இடையில் வரிப் பிரிவுக்கு மாறியவர்கள் யாராவது உண்டா? ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிவிடும், அதற்குள் சொல்லுங்கள்.