பழைய டயல் போனுக்கு எவ்வளவு சொன்னால் நியாயம்?

சுழல்விரல்:
கறுப்பு டயல் போன் ஒன்று விற்பனைக்கு. நல்ல கனம், ரிசீவர் வயர் பழுப்புத் துணி பின்னியது, அடியில் சின்ன இழுப்பறை. 332L, FWR 61/2 என்ற எழுத்துகள் தெரிகின்றன. 9, 0 சுழற்றினால் டயல் பாதி வழியில் தயங்குகிறது. லைனில் போட்டுப் பார்க்கவில்லை. இதே போனுக்கு ஆளுக்கொரு விலை போட்டிருக்கிறார்கள், பத்து மடங்குகூட வித்தியாசம் இருக்கிறது. எதை வைத்துக் கணக்குப் போடுவது?

பழையமணி:
பிரிட்டிஷ் தபால் துறையின் 332. மாடல் 1937-இல் வந்தது, ஆனால் உங்கள் போன் 1937 போன் என்று எழுதிவிடாதீர்கள். FWR இருந்தால் தொழிற்சாலையில் மறுசீரமைத்தது என்று பொருள், 61 அந்த வருஷம். வாடகைக்கு விட்டுத் திரும்ப வாங்கி, பிரித்துச் சேர்த்து மறுபடி கொடுத்த போன்கள் இவை. அதனால் உள்ளே வெவ்வேறு வருஷத்து பாகங்கள் இருந்தாலும் விலை பெரிதாக இறங்காது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 500 மாதிரி அமெரிக்க போன்களில்தான் டயல், மணி, ரிசீவர் எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று சேகரிப்பவர்கள் குடைவார்கள்.

நிறம்தான் விலையைத் தூக்கும். 332-இல் கறுப்பு ஏராளம், தந்த நிறம் அதைவிடக் குறைவு, சிவப்பும் பச்சையும் அரிது. கறுப்பின் மேல் பெயின்ட் அடித்து "அரிய சிவப்பு" என்று விற்பதும் நடக்கிறது. கூட்டைக் கழற்றி உட்புறம் பாருங்கள், அங்கே கறுப்பு தெரிந்தால் பெயின்ட்தான். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் மருந்து சோப்பு மாதிரி கார்பாலிக் நெடி வருமே, அந்தச் சோதனை பேக்கலைட் என்ற பழைய கறுப்பு பிளாஸ்டிக்குக்கு மட்டும். நிறப் போன்கள் வேறு பிளாஸ்டிக், நெடி வராது. அதற்காகப் போலி என்று ஒதுக்க வேண்டாம்.

செம்புச்சுருள்:
விலை பேசும் முன் விரிசல் பாருங்கள். இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ரிசீவர் தாங்கியின் அடி, கூட்டின் நான்கு மூலை, ரிசீவரின் காதுமூடி, வாய்மூடி மரை எல்லாம் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் நேர் வெளிச்சத்தில் சிக்காது. விரலால் தட்டினால் விரிசல் உள்ள பக்கம் சத்தம் மந்தமாக வரும்.

டயல் தயக்கம் பெரிய கோளாறில்லை, டயல் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் எண்ணெய் காய்ந்திருக்கும். டயல் திரும்பும்போது லைனில் நொடிக்கு சுமார் 10 பல்ஸ் (மின்துடிப்பு) போக வேண்டும், ஆக 0-வின் பத்து பல்ஸுக்கு ஒரு நொடி. கவர்னர் தண்டின் இரு முனையிலும் கடிகார எண்ணெய் ஊசிமுனையளவு போதும். ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். கவர்னர் எடைகள் உரசும் கிண்ணத்தில் எண்ணெய் இறங்கினால் பிடிமானம் போய் டயல் தலைதெறிக்க ஓடும், எக்ஸ்சேஞ்ச் எண்ணைத் தப்பாக எடுக்கும்.

மணிச் சுருள்களை மல்டிமீட்டரில் அளந்தால் மொத்தம் 1000 ஓம் அருகில் வர வேண்டும். பாதிதான் வந்தால் ஒரு சுருள் ஷார்ட் ஆகியிருக்கும் அல்லது வயர் மாற்றி இணைத்திருப்பார்கள். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. குரல் மங்கலாகப் போனால் வாய்ப்பகுதியின் கார்பன் துகள் இறுகியிருக்கும், உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினாலே பாதி கேஸ் சரியாகிவிடும்.

கணக்குப்புலி:
கேட்கும் விலையைப் பார்க்கவே வேண்டாம். ஏல தளங்களில் "விற்று முடிந்தவை" என்று வடிகட்டி, அதே மாடல், அதே நிறம், ஆறேழு விற்பனை எடுங்கள். உச்சமும் அடியும் நீக்கிவிட்டு நடுவில் இருப்பதைப் பிடியுங்கள். கடைக்காரர் விலையில் ரிப்பேர், உத்தரவாதம், இன்றைய லைனுக்கு மாற்றிய வேலை எல்லாம் அடங்கும், அதோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான்.

என் கழிவுக் கணக்கு இது. விரிசலில்லாமல் வேலை செய்யும் கறுப்பு 100 என்றால், சோதிக்காதது 70. கூட்டில் விரிசல் இருந்தால் 40, பாகத்துக்குத்தான் போகும். வெயிலில் பழுப்பேறி மேற்பூச்சு செத்திருந்தால் 60, பாலிஷ் போட்டாலும் திரும்பாது. துணி வயர் முழுசாக இருந்தால் 10 கூட்டலாம். இழுப்பறையில் எண் குறிக்கும் அட்டை இருந்தால் இன்னும் கொஞ்சம்.

சுழல்விரல்:
விரிசல் இல்லை. மணி 990 ஓம். பிளக் மாற்றி, லைனுக்குத் தயார் செய்து விற்கலாமா?

செம்புச்சுருள்:
வேண்டாம். சேகரிப்பவர் பழைய வயரிங்கைத் தொடாமல் கேட்பார், வீட்டு அலங்காரத்துக்கு வாங்குபவருக்கு மணி அடித்தாலே போதும். டயலை மட்டும் சரிசெய்து, சுழல்வதை வீடியோ எடுத்துப் போடுங்கள்.

பழையமணி:
அலங்காரத்துக்கு வாங்குபவர்தான் அதிகம், தயார் நிலைக்குக் கூடுதலாகவும் கொடுப்பார், அதனால் 'வேண்டாம்' என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. ஆனால் பழைய வயரை வெட்டாமல், திரும்பக் கழற்றும்படி செய்யத் தெரிந்தால் மட்டும். எப்படி விற்றாலும் பார்சலில் ரிசீவரைத் தாங்கியில் வைத்து அனுப்பாதீர்கள். தனியாகச் சுற்றி, கூட்டின் பக்கவாட்டில் அட்டைத் தடுப்பு வைத்து அடையுங்கள். ஒரு குலுக்கலில் ரிசீவரே தாங்கியை உடைத்துவிடும்.