மட்டம் போடும் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடம் சிறுநீர்ப் பரிசோதனை கேட்கலாமா?

கவிதா_இந்தியானா:
வணக்கம். இந்தியானாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம், மகனும் மகளும் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். காரணம் சொல்லாமல் அடிக்கடி மட்டம் போடுகிற மாணவர்களைப் போதைப்பொருள் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று ஸ்கூல் போர்டில் பேச்சு வந்திருக்கிறது, அடுத்த கூட்டத்தில் பெற்றோரும் பேசலாமாம். விளையாட்டில் சேரும் பிள்ளைகளுக்குப் பரிசோதனை வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அப்புறம் மட்டம் போடுகிறவனுக்கு மட்டும் என்ன தடை என்று கேட்கிறார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. ஆனால் எழுந்து பேச அது போதாது, விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சட்டப்பிரியன்:
உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான், ஆனால் எந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது என்று பாருங்கள். 1995-ல் ஒரெகான் மாநிலத்து வெர்னோனியா வழக்கில் விளையாட்டு வீரர்கள், 2002-ல் ஓக்லஹோமாவின் டெக்கம்சே பள்ளி வழக்கில் பாட்டுக்குழு, பேண்டு என்று போட்டிகளுக்குப் போகிறவர்கள். இரண்டிலும் பிள்ளை தானாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, வேண்டாம் என்றால் விலகிவிடலாம். இரண்டாவது தீர்ப்பு 5-4 என்று ஒரே ஓட்டில் தப்பியது. பள்ளிக்கு வருவது அப்படியில்லை, சட்டப்படி கட்டாயம், அதிலிருந்து யாரும் விலக முடியாது.

உங்கள் மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ஆண்டர்சன் நகரப் பள்ளிகள் 1997 வாக்கில் வைத்திருந்த விதிப்படி, சண்டை போட்டு சஸ்பெண்ட் ஆனவர்கள், புகையிலையோடு பிடிபட்டவர்கள், வழக்கமாக மட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் திரும்பி வரும்போது சிறுநீர் கொடுக்க வேண்டும். சண்டைக்காக சஸ்பெண்ட் ஆன ஒரு மாணவன் மறுத்தான். மறுத்தால் போதைப்பொருள் எடுத்ததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு மறுபடி சஸ்பெண்ட் செய்வது அந்த விதி. இந்தியானா, இல்லினாய், விஸ்கான்சின் மூன்றுக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஏழாவது சர்க்யூட் 1998-ல் அந்த மாணவன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சண்டை போட்டான் என்பது மட்டுமே போதைப்பொருளைச் சந்தேகிக்கப் போதாது, அவனைப் பார்த்துப் பேசிய அதிகாரிக்கே எந்த அறிகுறியும் தெரியவில்லை என்றது. மட்டம் போடுகிறவர்கள் பற்றி அந்த வழக்கில் நேரடியாக முடிவு செய்யவில்லை, இதைக் கூட்டத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அதே வாதம் இங்கேயும் பொருந்தும் என்பதே என் கருத்து. கண் சிவந்து, நடை தடுமாறி ஒரு பிள்ளை வந்தால் அது வேறு, அந்த ஒரு பிள்ளை மீது நியாயமான சந்தேகம் இருந்தால் நடவடிக்கை எடுக்கப் பள்ளிக்கு உச்ச நீதிமன்றத்தின் 1985 தீர்ப்பு முதலே இடம் இருக்கிறது.

நெப்போ_அப்பா:
கவிதா, மாற்றுக் கருத்து ஒன்று. என் மகன் மட்டம் போட ஆரம்பித்தபோது நண்பர்கள், சோம்பல் என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டிருந்தோம், கஞ்சா என்று தெரியவந்தபோது ஒரு வருடம் வீணாகியிருந்தது. பள்ளிக்கூடம் முன்பே கேட்டிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். கட்டாயப் பரிசோதனை பற்றி மத்திய கல்வித் துறை 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதனை உள்ள பள்ளிகளில் கடந்த 30 நாளில் போதைப்பொருள் எடுத்ததாகச் சொன்னவர்கள் 16 சதவீதம், இல்லாத பள்ளிகளில் 22 சதவீதம். வித்தியாசம் சின்னதில்லை. டெக்கம்சேயில் முடிவைப் போலீசுக்கும் கொடுக்கவில்லை, முதல் தடவை பெற்றோரைக் கூப்பிட்டு ஆலோசனைக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். அந்த மாதிரி நடத்தினால் எதற்கு எதிர்க்க வேண்டும்?

லேப்_மாலா:
அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்த 16, 22 இரண்டும் விளையாட்டு, சங்கம் என்று சேர்ந்த பிள்ளைகளுடைய கணக்கு, டீமை விட்டு நீக்கிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அதே பள்ளிகளில் பரிசோதனைக்கு வராத மற்ற மாணவர்களிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை, இனிமேல் எடுப்பாயா என்ற கேள்விக்கும் இரண்டு வகைப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான். மட்டம் போடுகிற பிள்ளைக்கு இழக்க டீம் ஏது?

நான் லேபில் வேலை செய்கிறேன். கஞ்சாவைத் தொடர்ந்து எடுத்தால் வாரக்கணக்கில் சிறுநீரில் தெரியும், மது சில மணி நேரத்தில் போய்விடும், ஃபென்டானில் என்ற மிக வீரியமான வலிநிவாரணப் போதை என்றால் வழக்கமான ஓபியேட் (அபின் வகை) சோதனையில் தெரியவே தெரியாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அதாவது ஆளைக் கொல்லக்கூடியது தப்பிவிடும், போன வாரத்துக் கஞ்சா மாட்டிக்கொள்ளும். சாதாரண சளி மாத்திரைகூட முதல்கட்ட சோதனையில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப்பொருள் போலக் காட்டலாம், அதை உறுதிசெய்ய இன்னொரு சோதனை வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்று கேளுங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்கு அடரால் சாப்பிடும் பிள்ளைக்கும் அதே முடிவு வரும், அந்த மருந்தே ஆம்ஃபெட்டமின்தான், அதனால் தன் மருந்தைப் பள்ளியில் யாரோ ஒருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பள்ளிப் பரிசோதனையை ஆதரிக்காததற்கு இதெல்லாம் காரணம்.

பள்ளி_ஆலோசகர்:
நான் பள்ளி கவுன்சலர், வேறு மாநிலம். பிள்ளைகள் வராததற்கு நான் பார்த்த காரணங்களைச் சொல்கிறேன்: ஆஸ்துமா, பஸ்ஸில் அடிக்கிற பையன், அம்மா இரவு வேலைக்குப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்கா, வாடகை கட்ட முடியாமல் வீடு மாறியது, கணக்கு புரியாத அவமானம். சிலருக்குப் போதைப்பொருளும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையும் என்னை நம்பி வாயைத் திறந்தால்தான் சொல்லும், கோப்பையை நீட்டினால் மறுநாளும் வராது. மறுத்தால் சஸ்பெண்ட் என்று வைத்தால் வராத பிள்ளைக்கு வராதே என்பதுதான் தண்டனை. வருடத்தில் பத்தில் ஒரு பங்கு நாள், ஏறக்குறைய 18 நாள் வராதவர்களைப் பள்ளிகள் ஏற்கெனவே கணக்கெடுக்கின்றன, அவர்கள் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று கேளுங்கள்.

கவிதா_இந்தியானா:
எல்லோருக்கும் நன்றி. நெப்போ அண்ணா, உங்கள் கேள்வியையும் கூட்டத்தில் வைப்பேன், பெற்றோர் தாமாகக் கேட்டால் ரகசியமாகப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் பள்ளி வழிகாட்டட்டும், அதை நான் எதிர்க்கவில்லை. இன்னொன்று, முடிவுகளை மாணவரின் கோப்பிலேயே வைப்பார்களா?

சட்டப்பிரியன்:
டெக்கம்சேயில் தனிக் கோப்பில் வைத்தார்கள், தேவைப்படுகிற ஊழியர் மட்டும் பார்க்கலாம். உங்கள் போர்டு எழுதிவைத்திருக்கும் வரைவில் அப்படி ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். வரைவைக் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.